வைக்கோலுக்கு முடிச்சுப் போட்ட பையன்

உத்திரமேரூரைத் தெரியாதவர்கள் தமிழ்நாட்டில் குறைவு. காஞ்சிபுரம் மாவட்டத்தில் குடவோலைக் கல்வெட்டு இருக்கும் ஊர் அது. ஊர்ச் சபைக்கு ஆட்களை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று, 1,100 ஆண்டுகளுக்கு முன், பராந்தக சோழன் காலத்தில் கல்லில் வெட்டி வைத்த ஊர். ஏரியைப் பார்த்துக்கொள்ள ஏரி வாரியம் என்று ஒரு தனிக் குழு அப்போதே அங்கே இருந்தது.

ஏரி இருந்தால் நெல் விளையும். நெல் விளைந்தால் வைக்கோல் கிடைக்கும். வைக்கோல் கிடைத்தால் அதைக் கட்டி வைக்க வேண்டும்.

இது அந்தக் கட்டின் கதை. அந்தக் கட்டில் விழும் முடிச்சின் கதை. அந்த முடிச்சை எந்திரத்துக்குக் கற்றுக் கொடுத்த ஒரு பண்ணைப் பையனின் கதை.

அவன் பிறந்தது இந்த மண்ணில் அல்ல. கடல் கடந்த அமெரிக்காவில். ஆனாலும் அவன் கை வேலை இன்று நம் கழனி வரை வந்திருக்கிறது. எப்படி வந்தது? பார்ப்போம்.

உருளையும் பெட்டியும்

முன்பெல்லாம் அறுவடை என்றால் ஆட்கள் அரிவாளோடு கழனியில் இறங்குவார்கள். அறுத்த தாளை அரி அரியாகப் போடுவார்கள். வைக்கோலையே புரியாக முறுக்கி, கட்டுக் கட்டித் தலையில் சுமந்து களத்துக்குக் கொண்டு போவார்கள். கதிர் அடித்து முடிந்ததும் வைக்கோல் வீட்டுக் கொல்லையில் போராக எழும்பும். போரின் உயரத்தைப் பார்த்தே அந்த வீட்டின் மாட்டுச் செல்வத்தைச் சொல்லிவிடலாம்.

இப்போது அறுவடை எந்திரம் வருகிறது. நெல்லைத் தனியாக எடுத்துக்கொள்கிறது. வைக்கோலைக் கழனியிலேயே வரிசை வரிசையாக விட்டுவிட்டுப் போகிறது. பின்னாலேயே டிராக்டர் இழுத்துக்கொண்டு இன்னோர் எந்திரம் வருகிறது. அது வைக்கோலை வாரி, பாய் சுருட்டுவது போலச் சுருட்டுகிறது. மேலே கயிறு சுற்றுகிறது. உருளை உருளையாக வெளியே தள்ளுகிறது.

உருளைக் கட்டு கழனியில் பார்க்க அழகு. வேலையும் சீக்கிரம் முடியும். வீட்டுக்கு வந்த பிறகுதான் தொல்லை. ஒன்றின் மேல் ஒன்று வைத்தால் உருண்டு விழும். அடுக்கினால் நடுவே சந்து விழும்.

ஒரு சின்னக் கணக்குப் பாருங்கள். ஒரு சதுரப் பெட்டிக்குள், நான்கு பக்கமும் தொடும்படி ஒரு வட்டத் தட்டை வையுங்கள். நான்கு மூலையும் காலியாகத்தானே இருக்கும்? அந்தக் காலி இடம் மொத்தத்தில் நூற்றுக்கு 21 பங்குக்கும் மேல். உருளைக் கட்டுகளை நேர் நேராக அடுக்கினாலும் இதே கணக்குத்தான். கொட்டகையில் ஐந்தில் ஒரு பங்கு காற்றுக்குப் போய்விடும். லாரியில் ஏற்றினால் காற்றுக்கும் சேர்த்து வாடகை கொடுக்க வேண்டும்.

ஆகவே சிலர் உருளைக் கட்டைப் பிரித்து, பெட்டி போன்ற சிறிய கட்டுகளாக மாற்றிக் கட்டுகிறார்கள். இந்த வேலைக்கு இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி கை வழி. அடியும் மேலும் திறந்த ஒரு மரப்பெட்டி வேண்டும். மூன்று அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றேகால் அடி உயரம் இருந்தால் போதும். பெட்டியைத் தரையில் வைத்து, அதற்குள் இரண்டு கயிறுகளைக் குறுக்கே போட்டு, நுனிகளை வெளியே விட வேண்டும். உருளையை அவிழ்த்தால் வைக்கோல் அடை அடையாக வரும். அதைப் போட்டு, ஏறி மிதித்து, மறுபடி போட்டு மிதிக்க வேண்டும். நிறைந்ததும் கயிறுகளை இறுக்கி முடிந்துவிட்டுப் பெட்டியைத் தூக்கினால், உள்ளே சதுரக் கட்டு தயார்.

இரண்டாவது வழி எந்திர வழி. உருளைகளைத் தரையில் உருட்டிப் பிரித்து, மறுபடியும் வரிசையாகப் போட வேண்டும். சதுரக் கட்டுக் கட்டும் எந்திரத்தை அந்த வரிசையின் மேல் ஓட்டினால் போதும். அது வாரி, அடித்து, அழுத்தி, கட்டி, வெளியே தள்ளிவிடும்.

எந்த வழியானாலும் வைக்கோல் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈர வைக்கோலை இறுக்கிக் கட்டினால் உள்ளே சூடேறும், பூஞ்சணம் பூக்கும், மாடு முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும்.

இரண்டு கட்டுக்கும் நடுவே ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. உருளைக்கு முடிச்சு வேண்டாம். கயிற்றைப் பல சுற்றுச் சுற்றி அறுத்துவிட்டால் போதும். சுற்றே அதைப் பிடித்துக்கொள்ளும். சதுரக் கட்டு அப்படி அல்ல. உள்ளே அழுந்திய வைக்கோல் விடுபடத் துடித்துக்கொண்டே இருக்கும். முடிச்சு இல்லாவிட்டால் அந்த நொடியே கட்டு சிதறிவிடும்.

சுருட்டுவது எந்திரத்துக்குச் சுலபம். அழுத்துவதும் சுலபம். முடிச்சுப் போடுவதுதான் கடினம். முடிச்சுக்கு விரல் வேண்டும். இரும்புக்கு விரல் ஏது?

அந்த இரும்பு விரலைச் செய்தவர்தான் ஜான் ஆப்பிள்பி. பயிர்த்தொழில் எந்திரங்களின் வரலாற்றில் நிலைத்த புகழ் பெற்ற பெயர் அது.

பண்ணையில் வளர்ந்த பிள்ளை

ஜான் பிரான்சிஸ் ஆப்பிள்பி 1840-ஆம் ஆண்டு மே மாதம் 23-ஆம் நாள் நியூயார்க் மாநிலத்தில் வெஸ்ட்மோர்லாண்டு என்ற சிற்றூரில் பிறந்தார். பெற்றோர் இங்கிலாந்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். பிள்ளை சிறுவனாக இருக்கும்போதே குடும்பம் மேற்கே விஸ்கான்சின் பகுதிக்குக் குடிபெயர்ந்தது.

விஸ்கான்சின் அந்தக் காலத்தில் கோதுமை நாடு. புதுக் காடு திருத்திய நிலம். நிலம் ஏராளம், ஆள்தான் பஞ்சம்.

கோதுமைக்கு ஒரு குணம் உண்டு. பழுத்துவிட்டால் காத்திருக்காது. சில நாள் தாமதித்தால் மணி உதிரும். மழை பெய்தால் முளைத்துவிடும். எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்பதை நிலம் முடிவு செய்யவில்லை. எத்தனை ஏக்கர் அறுத்துக் கட்ட முடியும் என்பதே முடிவு செய்தது.

அறுப்பதற்கு எந்திரம் வந்துவிட்டது. வர்ஜீனியாவைச் சேர்ந்த சைரஸ் மெக்கார்மிக் 1831-ஆம் ஆண்டிலேயே குதிரை இழுக்கும் அறுவடை எந்திரத்தை ஓட்டிக் காட்டியிருந்தார். ஆனால் அது அறுத்துப் போட்டுவிட்டுப் போய்விடும். பின்னால் ஆட்கள் குனிந்த முதுகோடு வாரி வாரிக் கட்ட வேண்டும்.

எதை வைத்துக் கட்டினார்கள் தெரியுமா? அந்தக் கோதுமைத் தாளையே புரியாக முறுக்கித்தான்! உத்திரமேரூர்க் கழனியில் நம் பாட்டி செய்த அதே வேலையை, பூமியின் மறு பக்கத்தில் வேறொரு பாட்டியும் செய்தாள். வெயிலும் ஒன்று, முதுகு வலியும் ஒன்று.

பதினெட்டு வயதில் ஒரு யோசனை

1858-ஆம் ஆண்டு. ஜானுக்கு 18 வயது. பண்ணை வேலை செய்துகொண்டிருந்தான். அறுவடை எந்திரத்தின் பின்னால் ஆட்கள் கட்டுக் கட்டுவதைப் பார்த்தான். அறுப்பதற்கு எந்திரம் இருக்கும்போது கட்டுவதற்கு ஏன் இருக்கக் கூடாது? இந்தக் கேள்வி அவனைப் பிடித்துக்கொண்டது.

பெரிய படிப்பு இல்லை. பட்டறை இல்லை. கையில் ஒரு கத்தியும் மரத்துண்டும் இருந்தன. அதைச் செதுக்கி ஒரு சிறு மாதிரி செய்தான். பறவையின் அலகு போல ஒரு கொக்கி. அந்த அலகு திறக்கும், மூடும், ஒரு சுற்றுச் சுழலும். அவ்வளவுதான். ஆனால் அது முடிச்சுப் போட்டது!

எப்படிப் போட்டது என்று பார்க்க ஆசையா? வீட்டில் ஒரு நூலை எடுங்கள். இரண்டு நுனிகளையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடியுங்கள். அந்த இரட்டை நூலை இடது கையின் ஆள்காட்டி விரல், நடு விரல் இரண்டின் மேலும் ஒரு சுற்றுச் சுற்றுங்கள். இப்போது அந்த இரண்டு விரல்களின் நுனியால் நூலின் இரு நுனிகளையும் கவ்விக்கொள்ளுங்கள். விரல் மேல் உள்ள வளையத்தை மெல்லத் தள்ளி, கவ்விய நுனிகளுக்கு மேலாக வெளியே எடுத்துவிடுங்கள். இழுங்கள். முடிச்சு விழுந்துவிட்டது!

உங்கள் இரண்டு விரல்கள்தான் அந்த அலகு. அது சுழலும்போது வளையம் விழுகிறது. வாய் திறந்து கயிற்றைக் கவ்வுகிறது. கத்தி கயிற்றை அறுக்கிறது. ஒரு தள்ளுக் கை வளையத்தை அலகிலிருந்து வழித்துவிடுகிறது. கண் இமைக்கும் நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும்.

ஆனால் மாதிரி வேறு, எந்திரம் வேறு. மாதிரியை முழு எந்திரமாக்கப் பணம் வேண்டும். பேடண்ட் வாங்கவும் பணம் வேண்டும். பேடண்ட் என்றால், கண்டுபிடித்தவருக்கே அந்தக் கண்டுபிடிப்பின் உரிமை என்று அரசு எழுதித் தரும் பத்திரம். பையன் பேடண்ட் வாங்கவில்லை. மாதிரி மூலையில் கிடந்தது.

காலம் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. 1864-ஆம் ஆண்டில் இல்லினாய் மாநிலத்தில் ஜேக்கப் பெஹல் என்பவர் அலகு வடிவ முடிச்சுக் கருவி ஒன்றுக்குப் பேடண்ட் பெற்றுவிட்டார். ஒரே தேவை பல மூளைகளைத் தட்டி எழுப்பும் என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

போர்க்களத்திலும் சும்மா இல்லை

அந்த ஆண்டுகளில் ஆப்பிள்பி எங்கே இருந்தார்? போர்க்களத்தில்!

அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டிருந்தது. 1862-ஆம் ஆண்டில் ஆப்பிள்பி விஸ்கான்சின் 23-ஆம் காலாட்படையில் சேர்ந்தார். 1863-இல் விக்ஸ்பர்க் நகர முற்றுகையில் இருந்தார். குண்டு விழும் பதுங்கு குழியிலும் அவர் கை சும்மா இருக்கவில்லை. மரத்தைச் செதுக்கி, துப்பாக்கிக்குள் தோட்டா தானாகப் போய் விழும் கருவி ஒன்றுக்கு மாதிரி செய்தார். அதற்குப் பேடண்டும் பெற்று 500 டாலருக்கு விற்றார்.

போர் முடிந்தது. ஆப்பிள்பி விஸ்கான்சினில் மேஜோமேனி என்ற ஊருக்கு வந்தார். விட்ட இடத்தில் தொடங்கினார்.

கம்பி செய்த கொடுமை

அப்போது சந்தையில் கம்பிக் கட்டு எந்திரங்கள் புறப்பட்டிருந்தன. கம்பியை முறுக்கினால் போதும், முடிச்சு வேண்டாம். முதல் போட்டவர்களும் கம்பியையே விரும்பினார்கள். ஆப்பிள்பியும் கம்பிக் கட்டு எந்திரம் செய்தார். அது வேலை செய்தது.

ஆனால் உழவர்களுக்குக் கம்பி பிடிக்கவில்லை. காரணம் என்ன? அறுந்த கம்பித் துண்டுகள் தாளோடு கலந்து மாட்டின் வயிற்றுக்குப் போயின. தானியத்தோடு மாவு ஆலைக்கும் போயின.

மாடு வளர்ப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். மாடு மென்று பார்த்து விழுங்காது; முதலில் விழுங்கிவிட்டுப் பிறகுதான் அசை போடும். உள்ளே போன ஆணியும் கம்பியும் வயிற்றில் தங்கும். குத்திக்கொண்டு நெஞ்சு வரை போகும். நல்ல கறவை மாடு காரணம் தெரியாமலே மெலிந்து விழும்.

ஆப்பிள்பி யோசித்தார். வைக்கோலைக் கட்டும் பொருள் மாட்டைக் கொல்லக் கூடாது. அப்படியானால் கயிறுதான் வழி. கயிறு என்றால் முடிச்சு வேண்டும். முடிச்சோ பதினெட்டு வயதிலேயே அவர் கையில் இருந்தது!

இருபது ஆண்டுகளுக்குப் பிறகு

பெலாய்ட் என்ற ஊர்ப் பட்டறையில், கூட்டாளிகளின் உதவியோடு, 1878-ஆம் ஆண்டில் கயிறு கட்டும் அறுவடை எந்திரம் உருவாயிற்று. 1879-ஆம் ஆண்டு பிப்ரவரி 18-ஆம் நாள் பேடண்ட் கிடைத்தது. மரத்துண்டைச் செதுக்கிய பையனுக்கு இப்போது வயது 38. நடுவே ஓடிவிட்ட ஆண்டுகள் இருபது!

வில்லியம் டீரிங் என்ற தொழிலதிபர் அந்த எந்திரத்தைப் பார்த்தார். செய்யும் உரிமையை விலைக்கு வாங்கினார். 1880-ஆம் ஆண்டு அறுவடைக்கு 3,000 எந்திரங்களைச் செய்து விட்டார்.

இன்னொரு சிக்கல் வந்தது. எந்திரம் இருக்கிறது, அதற்கு ஏற்ற கயிறு எங்கே? ஒரே சீரான பருமன் வேண்டும். திடமாக இருக்க வேண்டும். விலையும் மலிவாக இருக்க வேண்டும். டீரிங் பிலடெல்பியாவில் இருந்த ஒரு கயிற்று ஆலையைப் பிடித்தார். மணிலா நாரில் ஒற்றைப் புரிக் கயிறு திரிக்கச் செய்தார். அந்தக் கயிறு வந்த பிறகுதான் எந்திரம் ஊர் ஊராகப் பரவியது.

அதுவரை அறுவடை எந்திரத்தின் பின்னால் ஆட்கள் கூட்டமாகப் போனார்கள். இப்போது குதிரைகளை ஓட்ட ஒருவர் உட்கார்ந்தால் போதும். அறுப்பதும் கட்டுவதும் ஒரே ஓட்டத்தில் நடந்தன. கம்பிக் கட்டு எந்திரம் விற்ற மெக்கார்மிக் கம்பெனியும் கயிற்றுக்கே வந்து சேர்ந்தது. மெக்கார்மிக், டீரிங் ஆகிய இரண்டு பெரிய கம்பெனிகளும் 1902-ஆம் ஆண்டில் வேறு சிலவற்றுடன் ஒன்றாக இணைந்து, உலகப் புகழ் பெற்ற இண்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கம்பெனி ஆயின.

ஆலைகள் பெரிதாயின. ஆலை முதலாளிகள் பெருஞ்செல்வர் ஆனார்கள். ஆப்பிள்பி அந்த வரிசையில் சேரவில்லை. அவர் அடுத்த வேலையில் மூழ்கினார். பருத்தி எடுக்கும் எந்திரம் செய்ய வேண்டும் என்று பல ஆண்டுகள் முயன்றார். அது அவர் காலத்தில் கைகூடவில்லை. 1917-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆம் நாள், 77-ஆம் வயதில் காலமானார்.

கட்டுக்கு வந்த முடிச்சு

ஆப்பிள்பி முடிச்சுப் போட்டது கோதுமைக் கதிர்க் கட்டுக்கு. வைக்கோல் கட்டுக்கு அது எப்படி வந்தது?

வைக்கோலையும் புல்லையும் பெட்டியில் அழுத்தும் எந்திரம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே உண்டு. ஆனால் அது ஒரே இடத்தில் நிற்கும். வைக்கோலை அதனிடம் கொண்டு போக வேண்டும். கட்டுக் கட்ட இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று, புழுதியில் இருமிக்கொண்டே, கம்பி முறுக்க வேண்டும்.

இதற்கிடையே நெப்ராஸ்காவில் உம்மோ லூபன் என்பவர் முடிச்சுத் தொல்லையே இல்லாமல் வைக்கோலைச் சுருட்டும் எந்திரம் செய்து, 1910-ஆம் ஆண்டில் பேடண்ட் பெற்றார். அதன் உரிமையை வாங்கிய அல்லிஸ் சால்மர்ஸ் கம்பெனி 1947-இல் உருளைக் கட்டு எந்திரத்தைச் சந்தைக்குக் கொண்டு வந்தது.

சதுரக் கட்டுக்கு விடிவு 1930-களின் இறுதியில் வந்தது. ஆப்பிள்பியின் வழியில் வந்த முடிச்சுக் கருவியை வைக்கோல் அழுத்தும் எந்திரத்தில் பொருத்திப் பார்த்தார்கள். பென்சில்வேனியாவில் எட்வின் நோல்ட் என்ற உழவர், கழனியில் ஓடிக்கொண்டே வாரி, அழுத்தி, தானாகவே முடிச்சுப் போடும் எந்திரத்தைச் செய்தார். நியூ ஹாலண்டு கம்பெனி 1940-ஆம் ஆண்டிலிருந்து அதைச் செய்து விற்றது.

இன்று சதுரக் கட்டு எந்திரத்தின் மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளே பறவை அலகு போல ஒரு சிறு கொக்கி இருக்கும். 1858-இல் ஒரு பையன் மரத்தில் செதுக்கிய அதே வடிவம்! டிராக்டர் மாறிவிட்டது. கயிறு மாறிவிட்டது. அலகு மட்டும் மாறவில்லை.

கை போன இடம்

இந்தக் கதைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. அதைச் சொல்லாமல் விடுவது நியாயம் அல்ல.

எந்திரம் குனிந்த முதுகை நிமிர்த்தியது. அதே எந்திரம், குனிந்து சம்பாதித்த கூலியையும் எடுத்துக்கொண்டது. விஸ்கான்சினிலும் கட்டுக் கட்டும் ஆட்களுக்கு அறுவடை நாளின் கூலி போயிற்று. நம் பக்கத்தில் அரி எடுத்துக் கட்டுக் கட்டிய பெண்களுக்கும் அந்த நாள் போயிற்று. நோகும் முதுகு நிமிர்ந்தது நல்லது. ஆனால் நிமிர்ந்தவருக்கு வேறு வேலை கிடைத்தால்தான் அது முழு நன்மை. உருளையைப் பிரித்துச் சதுரமாகக் கட்டும் வேலை சிறியதுதான். மரப்பெட்டி ஒன்றும் கயிறும் இருந்தால் போதும். வைக்கோல் விற்கும் ஊர்களில் சில கைகளுக்கு அது மறுபடியும் வேலை தரும்.

வீட்டார் கவனத்துக்கு இன்னும் இரண்டு வார்த்தை. எந்திரத்தில் முடிச்சுச் சிக்கினால் எஞ்சினை நிறுத்தாமல் கை விடாதீர்கள். இரும்பு விரலுக்கு நம் விரல் எது, கயிறு எது என்று தெரியாது.

கட்டை அவிழ்த்து மாட்டுக்குப் போடும்போது, கயிற்றை முழுவதும் உருவி எடுத்து, எண்ணிப் பார்த்து, ஆணியில் மாட்டுங்கள். இப்போது பிளாஸ்டிக் கயிறும் வருகிறது. அது மாட்டின் வயிற்றில் கரையாது. மாட்டின் வயிற்றில் கம்பி போகக் கூடாது என்றுதான் ஆப்பிள்பி கயிற்றுக்கு வந்தார். அந்தக் கயிற்றையே மாடு தின்ன விட்டால், அவர் இருபது ஆண்டு பட்ட பாடு வீணாகும்.

கட்டை அவிழ்க்கும்போது முடிச்சை ஒரு நொடி பாருங்கள். அறுவடைக் கூட்டத்தில் எல்லோரும் குனிந்து கட்டிக்கொண்டிருந்தபோது, அது ஏன் இப்படி என்று கேட்டான் ஒரு பண்ணைப் பையன். அந்தக் கேள்வியைத்தான் அவன் அந்தக் கயிற்றில் முடிந்து வைத்திருக்கிறான்.